ஜூன் மாதம் ஜிம்மி எங்கே?



முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு பேரம் நடக்கும். "கணக்கில் எண்பதுக்கு மேல் எடு, சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்பார் அப்பா. "சைக்கிள் வேண்டாம், நாய்க்குட்டிதான் வேண்டும்" என்பீர்கள் நீங்கள். கொஞ்சம் அழுகை, ஒரு வேளை உண்ணாவிரதம், நடுவில் பாட்டியின் சிபாரிசு. கடைசியில், "சரி, முதலில் மார்க் வரட்டும்" என்று பேச்சு முடியும். ஏப்ரல் கடைசியில், அட்டைப் பெட்டிக்குள் பழைய துண்டின்மேல் உட்கார்ந்துகொண்டு குட்டி வீடு வந்து சேரும்.

மே மாதம் முழுக்கக் கொண்டாட்டம்தான். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் உங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். ஜிம்மிக்குச் சோறு வைக்க நானா, நீயா என்று போட்டி. (நம் ஊரில் இரண்டு நாய்க்கு ஒரு நாயின் பெயர் ஜிம்மி! ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) பிறகு ஜூன் வருகிறது. புது வகுப்பு, புதுப் புத்தகம், டியூஷன். ஜிம்மிக்கோ பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயது. அப்பாவின் செருப்பு போகிறது. வாசல் மிதியடி போகிறது. அம்மாவுக்குச் சுத்தம் செய்து மாளவில்லை. ஒரு நாள் மாலை நீங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஜிம்மி மொட்டை மாடியில் சங்கிலியில் கிடக்கும். சில வீடுகளில் அங்கேயும் இருக்காது. "தெரிந்தவர் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். அந்தத் தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூடத்திலேயே என் காலத்தைக் கழித்தவன் நான். ஜூன், ஜூலை மாதங்களில் மதில் ஓரமாக, கழுத்தில் பட்டையோடு சுற்றித் திரியும் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு எந்தச் சந்துக்குள் ஓடலாம், எந்த வாசலில் நின்றால் சோறு கிடைக்கும் என்று தெரியும். வீட்டில் வளர்ந்த குட்டிக்கு ஒன்றும் தெரியாது. லாரி ஹாரன் அடித்தால் ஓடாமல் நடுச்சாலையில் நின்றுவிடும்.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாய்க்குட்டியைப் பரிசாகக் கேட்காதீர்கள். வளர்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாயோடு வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. ஆனால் சைக்கிளுக்கும் நாய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சைக்கிளை மூன்று மாதம் மூலையில் சாத்தி வைத்தால் துருதான் பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சின்ன உருவ நாய்கள் பெரிய நாய்களைவிட அதிக நாள் வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 15 ஆண்டுகள் வரை இருக்கும். உங்களுக்கு இப்போது 11 வயது, குட்டி 14 ஆண்டு வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும்போது அதற்கு நான்கு வயது. கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டும்போது ஏழு வயது. நீங்கள் எங்கே போனீர்கள் என்று தெரியாமல் வாசலில் படுத்திருக்கும். உங்களுக்கு 25 வயதாகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, கண்ணில் புரை விழுந்து, படி ஏற முடியாமல், நீங்கள் தூக்கிவிட வேண்டுமென்று காத்திருக்கும். ஒரு தேர்வுக்குக் கிடைத்த பரிசு இத்தனை ஆண்டு கூடவே வரும். நீங்கள் விடுதியில் இருக்கும்போது அதை யார் பார்த்துக்கொள்வது? இதற்கு இப்போதே பதில் வேண்டும். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டால் அது ஒப்புதல் ஆகாது.

பேசி முடித்து, எல்லாரும் 'சரி' என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது, எந்த நாய்?

விளம்பரத்தில் பார்த்த நாய்தான் வேண்டும் என்பார்கள் சிலர். பனிப் பிரதேசத்து ஹஸ்கியைக் கொண்டுவந்து நம் வெயிலில் வாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. முகம் சப்பையான பக் நாய் பார்க்க அழகுதான். ஆனால் பல பக் நாய்கள் வெயில் காலத்தில் மூச்சு விடவே திண்டாடுகின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. நம் ஊரில் 'பொமரேனியன்' என்று எல்லாரும் அழைக்கும் வெள்ளைச் சடை நாய் பெரும்பாலும் பொமரேனியனே அல்ல. இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு வகை.

என்னைக் கேட்டால், கலப்பு நாயை எடுங்கள் என்பேன். 'கிராஸ்' என்று சொல்கிறோமே, அதுதான். ஸ்பிட்ஸுக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்த குட்டிகள் பல தெருக்களில் உண்டு. நிமிர்ந்த காது, சுருண்ட வால், அங்கங்கே பழுப்புத் திட்டு என்று ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி குணம் வருகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு குட்டிக்கும் மாறும். ஒரே ஈற்றில் பிறந்த நான்கில் ஒன்று சடையாக இருக்கும். இன்னொன்று மொழுமொழுவென்று இருக்கும். "இது இதற்கு மேல் வளராது, எழுதித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தாயைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். கலப்பு நாய்க்கு நோயே வராது என்று சொல்வதும் தவறு. எல்லா நாய்க்கும் உள்ள மருந்தும் ஊசியும் அதற்கும் வேண்டும்.

'கிராஸ் நாயா?' என்று முகம் சுளிக்கும் நண்பனுக்கு ஸ்ட்ரெல்காவின் கதையைச் சொல்லுங்கள். 1960 ஆகஸ்ட் 19 அன்று சோவியத் நாட்டின் விண்கலத்தில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் பூமியைச் சுற்றின. மறுநாள் உயிரோடு தரையிறங்கின. இரண்டும் உயர்ந்த சாதி நாய்கள் அல்ல. மாஸ்கோவில் குளிரையும் பசியையும் தாங்கித் திரிந்த கலப்பு நாய்களைத்தான் விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தார்கள். உருவமும் சிறியதாக இருக்க வேண்டும். கலத்தில் இடம் குறைவு அல்லவா? ஸ்ட்ரெல்கா பின்னர் ஆறு குட்டிகள் போட்டது. அதில் புஷிங்கா என்ற பெண் குட்டியை 1961 இல் சோவியத் தலைவர் குருஷேவ், அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்கு அனுப்பி வைத்தார். வெள்ளை மாளிகைக்கு ஒரு தெரு நாயின் குட்டி போனது! அங்கே அதுவும் 1963 இல் நான்கு குட்டிகள் போட்டது. ஒரு குட்டி தாருங்கள் என்று அமெரிக்கப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்களாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெல்கா, ஸ்ட்ரெல்கா, அவற்றுக்கு முன்னால் போன லைகா மூன்றுமே பெண் நாய்கள். நம் ஊரில் "பெண் குட்டி வேண்டாம்" என்று சாக்கில் போட்டு ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டால், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். அதற்குக் கால்நடை மருத்துவமனையில் கருத்தடை அறுவை சிகிச்சை இருக்கிறது. பெண் நாய் வீட்டோடு ஒட்டி, அன்பாகவே இருக்கும். தயங்காமல் எடுத்து வாருங்கள்.

எப்போது எடுத்து வருவது? குட்டி பிறந்து எட்டு வாரம் ஆகும்வரை தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு முன்பு விற்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. கண் திறக்கவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். பிறகு கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். இதுதான் அதன் பால்வாடி. பால்வாடிக்கே போகாமல் வந்த குட்டி உங்கள் கையைக் கடித்தால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

வந்த வாரத்திலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குடற்புழு மருந்து, பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி, மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி என்று வரிசையாக உண்டு. தேதிகளை எழுதித் தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஒரு முறை போட்டால் போதாது. மறு ஊசிக்கு எப்போது வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மாநகராட்சியோ நகராட்சியோ நாய்க்கு உரிமம் கேட்கிறதா என்பதை அப்பா விசாரிக்கட்டும். சென்னையில் கட்டாயம் வேண்டும்.

இனிச் சொல்லப் போவதை இரண்டு முறை படியுங்கள்.

வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகிறது. இதற்குச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகலாம். அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நாய் கடித்தாலோ, பல் பட்டாலோ, பிறாண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ, உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. பிறகு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். கடித்தது சின்னக் குட்டிதானே, நம் வீட்டு நாய்தானே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒரு தவணை போட்டதும் நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் குறித்துத் தரும் எல்லாத் தேதிகளிலும் போக வேண்டும்.

பிள்ளைகள் பலர் நாய் கடித்ததை வீட்டில் சொல்வதில்லை. "தெரு நாயோடு விளையாடாதே என்று சொன்னேனா இல்லையா?" என்று அடி விழுமே என்ற பயம். இன்னொரு பயம், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பேச்சு. அது எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான், சில ஊசிகள்தான். அடி விழுந்தாலும் ஒரு நாளில் மறந்துபோகும், ஆகவே சொல்லிவிடுங்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடிபட்டு வரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். இன்று திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவான்.

பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனை வெறிநாய் கடித்துக் குதறியது. அவனுக்கு ஒன்பது வயது. உங்களில் நான்காம் வகுப்புப் படிப்பவர்களின் வயது! அவன் தாய் அவனை லூயி பாஸ்டரிடம் அழைத்துப் போனாள். 1885 ஜூலை 6 அன்று அவர் தம் புதிய தடுப்பு மருந்தை அவனுக்குப் போடச் செய்தார். பையன் பிழைத்தான். பெரியவனான பிறகு பாஸ்டர் பெயரில் அமைந்த நிலையத்திலேயே காவலராக வேலை பார்த்தான். நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907 இல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் வெறிநோய்த் தடுப்பு மருந்து தயாரித்த இடம்தான். ஊட்டிக்குப் போகும்போது அதன் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் மெய்ஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். பல வீடுகளில் தயிர் சோறு மட்டும் போட்டே வளர்க்கிறார்கள். வயிறு நிரம்பும், ஆனால் உடம்புக்குப் போதாது. நாய்க்குப் புரதம் நிறைய வேண்டும். வேகவைத்த முட்டை, கோழிக்கறி, மீன் போன்றவை நல்லவை. அசைவம் சமைக்காத வீடு என்றால் என்ன கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிஸ்கட் நாய்க்குச் சாப்பாடு அல்ல.

நாம் பிரியமாகத் தின்னும் சில பண்டங்கள் நாய்க்கு விஷம். சாக்லேட் அவற்றில் முதலாவது. திராட்சையும் உலர் திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாயசத்தையும் கேசரியையும் தரும்போது யோசியுங்கள். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் மிகவும் ஆபத்தானது. வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பிறந்த நாளன்று உங்கள் நண்பர்கள் ஆளுக்கொரு துண்டு கேக் ஊட்டினால் ஐந்து கிலோ உடம்பு என்ன ஆகும்? சின்ன நாய்க்குச் சின்ன அளவே அதிகம்.

குளிப்பாட்டுவதை நாம் பெரிய வேலையாக நினைக்கிறோம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாய்க்கென்று விற்கும் ஷாம்பூவில் குளிப்பாட்டினால் போதும். தினமும் செய்ய வேண்டியது சீவி விடுவது. சடை உள்ள குட்டியைச் சீவாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். சீவும்போதே காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். அது இரத்தம் குடிப்பதோடு நிற்காமல் இரத்தத்தில் நோயையும் விட்டுவிட்டுப் போகும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று சடை நாயை மொட்டை அடிக்காதீர்கள். அந்த முடிதான் அதன் குடை.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். லைகாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1957 நவம்பர் 3 அன்று அதை அனுப்பியபோது திரும்பி வர வழியே வைக்கவில்லை. கலத்துக்குள் வெப்பம் ஏறியதால் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்ற உண்மை 2002 இல்தான் வெளிவந்தது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரும் அப்படிப்பட்ட கலம்தான். 'ஐந்தே நிமிடம்' என்று சொல்லி நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள். உலாவ அழைத்துப் போகும் முன் உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணுங்கள். சுட்டால் அதற்கும் சுடும். நமக்குச் செருப்பு இருக்கிறது!

நாய் பேசாது என்று யார் சொன்னது? வாலைக் கால்களுக்கு நடுவே மடக்கினால் பயம். காதைப் பின்னுக்குச் சாய்த்து உதட்டைத் தூக்கினால் "தள்ளிப் போ" என்று அர்த்தம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடாதீர்கள். முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதீர்கள். பெரிய நாயிடம் யாரும் குறும்பு செய்வதில்லை. சின்ன நாயைத்தான் வாலைப் பிடித்து இழுப்பதும், தூக்கிப் போட்டுப் பிடிப்பதும். அது உறுமினால் சிரிக்கிறார்கள். ஒரு நாள் கடித்ததும், "பொல்லாத நாய்" என்று பெயர். அது எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

தீபாவளிக்கு அதைத் தனியே கட்டிப் போடாதீர்கள். நம் காதைவிட அதன் காது கூர்மையானது. வெடிச் சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோன நாய்கள் ஏராளம். உள் அறையில் சன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கூட யாராவது உட்காருங்கள். மற்ற நாட்களிலும் அதற்கு வேண்டியது அதுதான். மொட்டை மாடிச் சங்கிலியைப் பற்றி முதலில் எழுதினேன். வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் வைத்தாலும் அது வளர்ப்பது ஆகாது. கூட்டமாக வாழும் பிராணி அது. உங்கள் குடும்பம்தான் இப்போது அதன் கூட்டம்.

இந்த விடுமுறையில் குட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் ஒரு தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, நாய் இல்லாமலேயே, காலை ஐந்தரைக்கு எழுந்து இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வந்ததும் ஒரு கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் வையுங்கள். வாசலைத் துடையுங்கள். மாலையிலும் அப்படியே இருபது நிமிடம் நடங்கள். பதினான்கு நாள் விடாமல் செய்ய வேண்டும். மழை, காய்ச்சல், கிரிக்கெட் மேட்ச், மாமா வீட்டுக் கல்யாணம் எதற்கும் விடுப்பு கிடையாது. தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலண்டரில் தினமும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நீங்களே போட்டுக்கொள்ளக் கூடாது, தெரிந்ததா?

எத்தனையாவது நாள் வரை போனீர்கள், எந்த நாள் எழுந்திருக்க முடியாமல் போனது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பதினான்கு நாளும் முடித்தவர்கள், குட்டிக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஜிம்மி வேண்டாம்!

அன்புடன்,
வாத்தியார் தாத்தா